நான்கே ஆண்டுகளில் ஒரு கலை வரலாறு: கடற்கரை கிட்டாருக்குக் காலம் கணித்தால்...

கர்னாடக சங்கீத வகுப்பில் ஒரு வாரமாவது உட்கார்ந்தவர்களுக்கு மாயாமாளவகௌளை தெரிந்திருக்கும். ராகத்தின் பெயர் மறந்துபோயிருக்கலாம். 'ஸ ரி க ம' என்று சரளி வரிசை பாடிய மெட்டு மட்டும் எத்தனை வயதானாலும் மறக்காது. அந்த ஏழு ஸ்வரங்களை எலெக்ட்ரிக் கிட்டாரின் தடித்த கம்பியில், மூச்சு விடக்கூட இடமில்லாத வேகத்தில் மீட்டினால் எப்படி இருக்கும்?

சந்தேகம் இருந்தால் போனில் 'மிஸர்லூ' என்று தேடி, டிக் டேல் வாசித்ததைக் கேட்டுப் பாருங்கள். கேட்ட இரண்டாவது நொடியில் 'அட, இதுவா!' என்பீர்கள். 1994-ல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தின் டைட்டிலில் வருவது இதுதான். 'பிளாக் ஐட் பீஸ்' குழு 'பம்ப் இட்' பாட்டில் எடுத்துக்கொண்டதும் இதைத்தான். ராகத்துக்கான கமகம், பிடி எல்லாம் இதில் இருக்காது. ஆனால் ஸ்வர வரிசை நம் பாலபாடத்தில் வருகிற அதே வரிசை.

டேல் இதை வெளியிட்டது 1962-ல். ஊர் தெற்கு கலிஃபோர்னியா. இசையின் பெயர் 'சர்ஃப்', அதாவது பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் இளைஞர்களின் இசை. அந்த வகைக்கே கொடி பிடிக்கிற பாட்டு இது. ஆனால் பாட்டு பிறந்த இடம் கலிஃபோர்னியா இல்லை. கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கம் கிரேக்கர், துருக்கியர், அரேபியர், யூதர் என்று பலரும் தங்களுடையதாகப் பாடிவந்த பழைய மெட்டு. 1927-லேயே கிரேக்க மொழியில் ஒலிப்பதிவாகிவிட்டது. தலைப்புக்கு 'எகிப்துப் பெண்' என்று பொருள். டேலின் இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். அப்பா வழியில் லெபனான் குடும்பம். சித்தப்பா ஊத் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர். 'ஒரே கம்பியில் ஒரு பாட்டு வாசிக்க முடியுமா?' என்று ஒரு சிறுவன் கேட்டானாம். சித்தப்பாவின் மெட்டு நினைவுக்கு வர, அதை நாலு மடங்கு வேகத்தில் வாசித்துக் காட்டியதாக டேல் சொல்வதுண்டு.

ஆக, 1927-ன் மெட்டு, 1962-ன் ஒலி, 1994-ன் புகழ். இந்தப் பாட்டை எந்தக் காலத்தில் வைப்பது?

இது வெட்டிக் கேள்வி இல்லை. பொருளை எந்தக் காலத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதை எப்படிப் பார்க்கிறோம், யாரை நினைவில் வைத்துக்கொள்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதெல்லாம் முடிவாகிறது. ஓவியத்துக்கும் கோயிலுக்கும் இந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். கடற்கரையில் பள்ளிப் பையன்கள் வாசித்த கிட்டாருக்கு?

போதிகையைப் பார்த்து வயது சொல்பவர்கள்

சர்ஃப் இசை ரசிகர்களிடம் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் வந்தது முதல் அலை. 1979-80 வாக்கில் புத்துயிர் கொடுத்தவர்கள் இரண்டாம் அலை. 1990-களில் வந்தது மூன்றாம் அலை. சர்ஃபுக்கு 'அலை' என்று பெயர் வைப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது காலண்டர் கணக்கு. எந்த மன்னன் எந்த வருடம் ஆண்டான் என்பது மாதிரி. உள்ளே என்ன மாறியது என்பதை இது சொல்லாது.

கலை வரலாற்றாளர்கள் வேறு மாதிரி வேலை செய்வார்கள். நம்மூரிலேயே அருமையான உதாரணம் உண்டு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேய், 1914-ல் தென்னிந்தியக் கட்டடக் கலை பற்றிப் புத்தகம் எழுதினார். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கு எப்படி வயது சொல்வது என்பது அவருடைய சிக்கல். தூணுக்கு மேலே உத்தரத்தைத் தாங்குகிற போதிகைக் கல்லைப் பார்க்க ஆரம்பித்தார். பல்லவர் காலப் போதிகையின் வளைவில் சுருள் சுருளாக வரிகள் இருக்கும். சோழர் காலத்தில் அது கோணமாக வெட்டுப்படும். விஜயநகரக் காலத்தில் மொட்டாகத் தொங்கி, பிற்பாடு வாழைப்பூ மாதிரி நீண்டுவிடும். சாமியைப் பார்க்காமல், கோபுரத்தைப் பார்க்காமல், யாரும் கவனிக்காத ஒரு மூலைக்கல்லை வைத்துக் காலம் சொன்னார். (பல்லவர் பாணி வரிப் போதிகைக்குத் 'தரங்கப் போதிகை' என்று பெயர். தரங்கம் என்றால் அலை. சர்ஃப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லாமல் எப்படி விடுவது!)

ஐரோப்பாவில் இதற்கு முன்னோடி வசாரி. 1550-ல் இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதியபோது, கலையை ஒரு மனிதனைப் போலக் குழந்தைப் பருவம், இளமைப் பருவம், முதிர்ச்சி என்று மூன்றாகப் பிரித்தார். ஜோத்தோ முதல் பருவம். மசாச்சியோ இரண்டாவது. லியனார்டோ, மைக்கலாஞ்சலோ மூன்றாவது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வோல்ஃப்லின் இன்னொரு வழி காட்டினார். வகுப்பறைத் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'என்ன வித்தியாசம்?' என்று கேட்பது. ஓவியரின் பெயரைக்கூட விட்டுவிடலாம். கண் சொல்வதை மட்டும் நம்பு என்பது அவர் கட்சி.

சர்ஃப் இசைக்கு அப்படி இரண்டு படங்கள் கிடைக்குமா? ஆச்சரியமாக, ஒரே பாட்டே கிடைக்கிறது.

ஒரே பாட்டு, நாலு வருட இடைவெளி

வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரத்தைச் சேர்ந்த 'தி வென்ச்சர்ஸ்' குழு, 1960-ல் 'வாக், டோன்ட் ரன்' என்ற பாடலற்ற கிட்டார் இசையை வெளியிட்டது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜானி ஸ்மித் எழுதியது. அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதே குழு, அதே மெட்டை 1964-ல் மறுபடி வாசித்து 'வாக், டோன்ட் ரன் 64' என்று வெளியிட்டது. அதுவும் முதல் பத்துக்குள் வந்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது. முதலாவது சுத்தமாக, காய்ந்த சலவைத் துணி மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வந்து நின்றுவிடும். இரண்டாவது தொடங்கும்போதே ஈரம் சொட்டும். கம்பியைத் தட்டினால் 'டிங்' என்று கேட்க வேண்டிய இடத்தில், ஆழமான கிணற்றுக்குள் கல் போட்டது மாதிரி ஒரு 'ட்ளப்' கேட்கும். மெட்டு மாறவில்லை, குழு மாறவில்லை. ஆனால் காலம் மாறிவிட்டது. இடையில் சர்ஃப் நடந்திருக்கிறது.

அந்த 'ட்ளப்'தான் சர்ஃப் இசையின் போதிகைக் கல்.

அது வருவது ஒரு பெட்டியிலிருந்து. உள்ளே இழுத்துக் கட்டிய ஸ்பிரிங்குகள். கிட்டாரிலிருந்து வரும் மின் அதிர்வு ஸ்பிரிங்கின் ஒரு முனையை அசைக்கும். அசைவு மறுமுனைக்கு ஓடி, முட்டித் திரும்பி, மறுபடி ஓடும். அந்தப் பக்கத்தில் அது மீண்டும் மின் அதிர்வாகி ஸ்பீக்கருக்குப் போகும். ஒரு ஸ்வரம் பல நிழல்களோடு வெளியே வருவது இப்படித்தான். இதற்கு 'ஸ்பிரிங் ரிவெர்ப்' என்று பெயர். கம்பியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு பலமாக மீட்டினால், ஸ்பிரிங் தடுமாறி அந்தச் சொட்டுச் சத்தத்தைப் போடும். வாசிப்பவர்களே அதைச் 'சொட்டு' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். ரிவெர்ப் இல்லாத ஒலியை 'உலர்ந்தது' என்பார்கள். இருப்பதை 'நனைந்தது' என்பார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கும் கடலுக்கும் ஆதியில் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டு வரவேற்பறையில் ஹேமண்ட் ஆர்கன் வாசிப்பவர்களுக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைக் கொடுக்கவே ஸ்பிரிங்கைப் பொருத்தினார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1961-ல் கிட்டாருக்குத் தனிப் பெட்டியாக விற்க ஆரம்பித்தது. டிக் டேல் ரிவெர்ப் கேட்டதே தன் பாட்டுக் குரலுக்காகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். கேட்பவர்களின் காதுதான் அதில் கடலைக் கண்டுபிடித்தது.

உலர்ந்த காலமும் நனைந்த காலமும்

இந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'முதல் அலை'க்குள் போனால், அது ஒரே அலை இல்லை என்று தெரிகிறது.

1958-ல் லிங்க் ரே வாசித்த 'ரம்பிள்', அதே வருடம் டுவான் எடியின் 'ரெபல் ரவுசர்' ஆகியவை வரலாற்றுக்கு முந்தைய காலம் என்று வைத்துக்கொள்ளலாம். கிட்டார் பாடகருக்குப் பின்பாட்டு பாடுவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நிற்கிறது. கடல் இன்னும் வரவில்லை.

1961-ல் ஆதிக்காலம். 'தி பெல்-ஏர்ஸ்' என்று ஐந்து பையன்கள். அந்தக் கோடையில் 'மிஸ்டர் மோட்டோ'வைப் பதிவு செய்தபோது எல்லாருமே பதின்வயதுக்காரர்கள். பால் ஜான்சன், எடி பெர்ட்ராண்ட் என்ற இரண்டு நண்பர்கள் கிட்டார். ஒருவர் மெட்டைப் பிடிக்க, இன்னொருவர் அதைச் சுற்றிப் பின்னுவார். கூடவே பியானோவும் சாக்ஸபோனும் உண்டு. ரிவெர்ப் கிடையாது. கச்சிதமான, கொஞ்சம் கூச்சப்படுகிற இசை. வசாரி இருந்திருந்தால் 'குழந்தைப் பருவம்' என்று தலையைத் தட்டியிருப்பார்.

அதே 1961-ல் பால்போவாவின் 'ராண்டேவூ பால்ரூம்' நடன அரங்கில் டிக் டேல் 'லெட்ஸ் கோ ட்ரிப்பின்' வாசித்துக்கொண்டிருந்தார். இதிலும் சாக்ஸபோன் உண்டு. ஆனால் இது வேறு உலகம். ஆயிரக்கணக்கில் வந்த இளைஞர்கள் மரத்தரையில் காலால் மிதிக்கிற மிதியில் இசை கேட்க வேண்டும். டேல் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குக் கட்டிய கம்பி வரிசையை மாற்றாமலே கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர். மற்றவர்கள் போடத் தயங்கும் தடித்த கம்பிகளைப் போட்டார். ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன. லியோ ஃபெண்டர் புதிதாக ஒன்று செய்து கொடுப்பார், டேல் அதையும் எரித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். கடைசியில் 15 அங்குல ஸ்பீக்கரோடு 'ஷோமேன்' என்ற ஆம்ப்ளிஃபயர் பிறந்தது. இத்தனை செய்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது இந்தக் கதையின் ருசியான பகுதி.

ஓவியத்தில் ஃபுளோரன்ஸ்காரர்கள் கோட்டை நம்பினார்கள், வெனிஸ்காரர்கள் வண்ணத்தை நம்பினார்கள் என்று பாடப்புத்தகத்தில் வரும். பெல்-ஏர்ஸ் கோடு. டேல் வண்ணம். இது வெறும் உவமை இல்லை. அந்தச் சண்டை நிஜமாகவே நடந்தது, அதுவும் பெல்-ஏர்ஸ் குழுவுக்குள்ளேயே. எடி பெர்ட்ராண்டுக்கு டேலைப் போலக் கனமான, ரிவெர்ப்பில் தோய்ந்த ஒலி வேண்டும். பால் ஜான்சனுக்கு அதில் மனமில்லை. 1963-ல் குழு உடைந்தது. பெர்ட்ராண்ட் 'எடி அண்ட் தி ஷோமென்' என்று தனிக்குழு கட்டினார். கலை வரலாற்றில் இரண்டு பாணிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்தக் கோடு இங்கே இரண்டு சிநேகிதர்களுக்கு நடுவே விழுந்தது.

1963-ஐச் செவ்வியல் காலம் என்று தயங்காமல் சொல்லலாம். சான்டா ஆனாவின் பள்ளி மாணவர்களாகத் தொடங்கிய 'தி சான்டேஸ்' குழுவின் 'பைப்லைன்' அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் பிடித்தது. கம்பியில் மேலிருந்து கீழே ஒரு சறுக்கல். பிறகு அவசரமே இல்லாமல் உருண்டு வரும் தாளம். டேலின் மூர்க்கமும் இல்லை, பெல்-ஏர்ஸின் கூச்சமும் இல்லை. எல்லாம் அளவோடு இருக்கிறது. இந்த இசையில் யாராவது ஒரே ஒரு துண்டு கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியது இதுதான்.

அதே வருடம் 'தி சர்ஃபாரிஸ்' குழுவின் 'வைப் அவுட்'. 'சர்ஃபர் ஜோ' என்ற பாட்டின் இசைத்தட்டுக்குப் பின்பக்கம் ஏதாவது வேண்டுமே என்று ஸ்டுடியோவில் அவசரமாகத் தயாரித்தது. தொடக்கத்தில் பலகை முறிகிற சத்தம், ஒரு கோமாளிச் சிரிப்பு, பிறகு ரான் வில்சனின் டிரம்ஸ். முன்பக்கப் பாட்டு மறந்துபோனது. பின்பக்கம் இரண்டாம் இடம் வரை போனது. டிரம்ஸ் கற்கப் போகிற பிள்ளைகள் உலகெங்கும் மேசையில் தட்டுவது இன்றும் இதைத்தான்.

செவ்வியல் காலம் முற்றினால் என்ன வரும்? அலங்காரம். 1963-லேயே அதுவும் வந்துவிட்டது. கடலே இல்லாத கொலராடோவின் போல்டர் நகரத்திலிருந்து 'தி ஆஸ்ட்ரநாட்ஸ்', கலிஃபோர்னியாக்காரர்களைவிட அதிக ரிவெர்ப்பைக் கொட்டி 'பாஹா'வை வாசித்தார்கள். கடலிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் மினியாபொலிஸிலிருந்து 'தி ட்ராஷ்மென்', 'சர்ஃபின் பேர்ட்' என்று தொண்டை கிழியக் கத்தி நான்காம் இடம் பிடித்தார்கள். சிட்னியில் 'தி அட்லான்டிக்ஸ்', 'பொம்போரா' என்று ஆஸ்திரேலியப் பழங்குடிச் சொல்லைத் தலைப்பாக்கி ஓர் அசுரப் பாட்டைத் தந்தார்கள். இவர்களுக்கு சர்ஃப் என்பது வாழ்ந்த அனுபவம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்ட பாணி. ஓவியத்தில் மைக்கலாஞ்சலோவுக்குப் பிறகு வந்தவர்கள் இயற்கையைப் பார்க்காமல் மைக்கலாஞ்சலோவையே பார்த்து வரைந்தார்கள், அதை 'மேனரிசம்' என்கிறார்கள். கிட்டத்தட்ட அதுதான் இது. குறையாகச் சொல்லவில்லை. 'பொம்போரா'வைக் கேட்டால் கேலி செய்ய மனம் வராது.

1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். அதன் பிறகு பாடாத கிட்டாருக்குக் கேட்பவர் குறைந்துபோனார்கள். ஜோத்தோவிலிருந்து மைக்கலாஞ்சலோவுக்கு வர இத்தாலிக்கு 200 ஆண்டுகள் தேவைப்பட்டன. கலிஃபோர்னியாவுக்கு மூன்று கோடைகள் போதுமாக இருந்தன.

'தி பீச் பாய்ஸ் எங்கே?' என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். சர்ஃப் என்றாலே பலருக்கு அவர்கள்தான். ஆனால் போதிகையை வைத்துப் பார்த்தால் அவர்கள் வேறு கோயில். அவர்கள் சொத்து குரல்களின் அடுக்கு. கிட்டார் துணைக்கு வருவதுதான். ஒரே சாமியை இரண்டு பாணியில் கட்டிய சந்நிதிகளில் வைத்து வழிபட்ட மாதிரி.

வெள்ளைப் பளிங்கு

இந்த வேலையில் ஆபத்தும் இருக்கிறது. அதற்கும் கலை வரலாற்றிலேயே சாட்சி உண்டு.

கிரேக்கக் கலையை முதன்முதலில் பாணி வாரியாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானியரான வின்கல்மான். புத்தகம் வந்தது 1764-ல். அவர் பார்த்தவற்றில் பெரும்பாலானவை கிரேக்க மூலங்கள் அல்ல, ரோமானியர்கள் செய்துவைத்த நகல்கள். அவையும் நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்து சாயம் போனவை. அந்த வெளுத்த பளிங்கை உலகமே தூய அழகு என்று கொண்டாடியது. அசல் கிரேக்கச் சிலைகளுக்குச் சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசியிருந்தார்கள்.

சர்ஃபுக்கும் இது நடந்தது. 1970-களின் கடைசியில் ஜான் பிளேர் என்ற ரசிகர், பழைய சர்ஃப் இசைத்தட்டுகளை எல்லாம் தேடிப் பட்டியல் போட்டுப் புத்தகமாக்கினார். அருமையான வேலை. அவரே 1979-ல் 'ஜான் அண்ட் தி நைட்ரைடர்ஸ்' குழுவைத் தொடங்கி அந்த இசையை மேடைக்கும் கொண்டுவந்தார். பட்டியல் முதலில், மறுமலர்ச்சி பிறகு. அதே சமயத்தில் ஆரஞ்ச் கவுன்ட்டியின் 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்ற பங்க் குழு 'மிஸர்லூ'வையும் 'பைப்லைன்' இசையையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தது.

திரும்பி வந்த சர்ஃப் இசையில் சாக்ஸபோன் பெரும்பாலும் இல்லை. பியானோ இல்லை. 1963-ன் நனைந்த கிட்டார் மட்டும் வடிகட்டி எடுக்கப்பட்டு 'அசல் சர்ஃப்' ஆனது. அந்த அளவுகோலால் திருப்பிப் பார்த்தால் 1961-ன் பையன்கள் அரைகுறைகளாகத் தெரிந்தார்கள். ரிவெர்ப் இல்லையே, இது சர்ஃபா என்று சந்தேகம் வந்தது. முதலில் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களின் பரீட்சையில் தோற்றார்கள். இன்னொரு இழப்பும் உண்டு. பட்டியல் என்பது இசைத்தட்டுகளின் பட்டியல். பள்ளி அரங்கிலும் கடற்கரைக் கூடத்திலும் ஒரு கோடை முழுக்க வாசித்துவிட்டு, தட்டுப் போடக் காசில்லாமல் வேலைக்கும் ராணுவத்துக்கும் போனவர்கள் எந்தக் காலகட்டத்திலும் இல்லை.

1990-களின் மூன்றாம் அலையில் இந்த இசைக்கு ஊரே இல்லாமல் போனது. ஃபின்லாந்தில் 'லைகா அண்ட் தி காஸ்மநாட்ஸ்'. அலபாமாவிலிருந்து விண்வெளி வேஷத்தில் 'மேன் ஆர் ஆஸ்ட்ரோ-மேன்?'. நாஷ்வில்லில் மல்யுத்த முகமூடி போட்ட 'லாஸ் ஸ்ட்ரெய்ட்ஜாக்கெட்ஸ்'. குரோஷியாவில் 'தி பாம்பி மொலஸ்டர்ஸ்'. பழையதைத் துல்லியமாக நகலெடுத்தவர்களும் உண்டு, பழையதை வைத்து விளையாடியவர்களும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் 'தி மெர்மென்' மட்டும் தனி. ஒரு பாட்டை நீட்டி, இருட்டாக்கி, புயலுக்கு முந்தைய கடல் மாதிரி வாசிப்பார்கள். பரோக் என்ற சொல்லை யாருக்காவது கொடுப்பதென்றால் இவர்களுக்குக் கொடுக்கலாம். வருடத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் எல்லாரும் ஒரே பெட்டியில் கிடப்பார்கள்.

காலம் முடிந்த பிறகும் மனிதர் இருக்கிறார்

பாணிகளுக்குத் தொடக்கமும் முடிவும் எழுதிவிடலாம். அதைச் செய்த ஆள் முடிவுக்குப் பிறகும் காலையில் எழுந்திருக்க வேண்டுமே. 'முதல் அலை' முடிந்தபோது டிக் டேலுக்கு வயது 27கூட ஆகவில்லை.

அடுத்த சில வருடங்களில் குடல் பகுதியில் புற்றுநோய் வந்தது. பிழைத்தார். ராண்டேவூ பால்ரூம் 1966-ல் தீயில் அழிந்தது. 1987-ல் ஸ்டீவி ரே வானுடன் சேர்ந்து 'பைப்லைன்' வாசித்தார். 1993-ல் புது ஆல்பம் போட்டார். அடுத்த வருடமே 'பல்ப் ஃபிக்‌ஷன்' வந்து, பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் மேடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அப்போது அவர் வாசித்தது முதல் அலையா, மூன்றாம் அலையா? 1961-ஐவிட வேகமாக, கரடுமுரடாக வாசித்தார். அந்தப் பழைய நடன அரங்கின் மரியாதை எதுவும் அதில் மிச்சமில்லை.

மைக்கலாஞ்சலோவிடமும் வரலாற்றாளர்கள் இப்படித்தான் திணறுகிறார்கள். வசாரி அவரை உயிரோடு இருக்கும்போதே முதிர்ச்சிப் பருவத்தின் சிகரம் என்று எழுதி முடித்துவிட்டார். அவரோ 1564 வரை, 88 வயது வரை வாழ்ந்தார். கடைசி நாள்களில் செதுக்கிக்கொண்டிருந்த 'ரொண்டனினி பியெத்தா' சிலை எந்த மறுமலர்ச்சி இலக்கணத்துக்கும் அடங்காது. ஒடுங்கிப்போன இரண்டு உருவங்கள், முடிக்காத கல்.

டேலின் கடைசி வருடங்கள் அத்தனை கம்பீரமானவை இல்லை. புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய். சிகிச்சைக்கான பொருள்களுக்கு மட்டுமே மாதம் 3,000 டாலர் தேட வேண்டியிருக்கிறது, அதனால்தான் மேடையைவிட்டு இறங்க முடியவில்லை என்று 2015-ல் ஒரு பேட்டியில் சொன்னார். 'சர்ஃப் கிட்டாரின் ராஜா' என்று அரை நூற்றாண்டாகக் கூப்பிடப்பட்டவர், 80 வயதிலும் ஊர் ஊராகப் போய் வாசித்தார். 2019 மார்ச் 16 அன்று, 81 வயதில் இறந்தபோது அந்த வருடத்துக்கும் கச்சேரித் தேதிகள் குறிக்கப்பட்டிருந்தன.

இப்போது இன்னொரு தடவை 1962-ன் 'மிஸர்லூ'வைப் போட்டுப் பாருங்கள். முதலில் அவசரத்தில் கேட்டிருப்பீர்கள், இந்தத் தடவை முழுக்கக் கேளுங்கள். கிட்டார் கொஞ்சம் ஒதுங்குகிற இடத்தில் பியானோ உருளும். நடுவில், எந்தத் தூய சர்ஃப் இலக்கணமும் அனுமதிக்காத ஒரு ட்ரம்பெட் எழுந்து, மாயாமாளவகௌளையின் அதே ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு பாடிவிட்டுப் போகும்.